‘இதர செலவுகள்’ என்ற கட்டத்துக்குள் இருப்பவை

நிதி ஆலோசனைக்காக என்னிடம் வருபவர்களில் பலர் வரவு செலவுத் திட்டம் இல்லாமல் வருவதில்லை. ஒருவரிடம் எக்செல் தாள் இருக்கும், இன்னொருவரிடம் கைபேசிச் செயலி இருக்கும், வேறொருவர் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொண்டு வருவார். வாடகை, கடன் தவணை, மின்கட்டணம், மளிகை, போக்குவரத்து என்று வரிசையாக எழுதிக் கூட்டி, வருமானத்திலிருந்து கழித்து, மீதியைச் ‘சேமிப்பு’ என்று அடிக்கோடிட்டிருப்பார்கள். கூட்டலில் பிழை இருக்காது. ஆனால், தாளில் உள்ள அந்தச் சேமிப்பு வங்கிக் கணக்கில் இருக்காது. தமக்குக் கட்டுப்பாடு போதவில்லை என்பதே இதற்கு அவர்கள் சொல்லும் காரணம். அது அநேகமாக உண்மையில்லை என்பது என் கருத்து. தாளின் கடைசி வரியில் ‘இதர செலவுகள்’ என்று ஒரு சிறிய தொகை குறிக்கப்பட்டிருக்கும். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். வாடகை, தவணை, கட்டணங்கள் போன்ற நிலையான செலவுகளுக்கு 55, அன்றாடச் செலவுகளுக்கு 30, சேமிப்புக்கு 15. பார்க்கக் கச்சிதமான திட்டம். இப்போது அதே குடும்பத்தின் பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, மாதந்தோறும் வராத செலவுகளை மட்டும் தனியே எழுதிப் பார்க்கலாம். காப்பீட்டுப் பிரீமியம் 36, வாகனப் பராமரிப்பும் டயர் மாற்றமும் 24, கல்வியாண்டுத் தொடக்கச் செலவு 40, உறவினர் திருமணங்களுக்கான பரிசும் பயணமும் 38, வீட்டுச் சாதனங்கள் பழுது 18, பல் சிகிச்சை 12. ஆக மொத்தம் 168. மாதத்துக்குப் பிரித்தால் 14. தாளில் 15 சேமிக்கும் அந்தக் குடும்பம் உண்மையில் சேமிப்பது 1 மட்டுமே. அங்கே வீண் செலவு என்று சொல்ல ஒன்றுகூட இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

மூன்று மாத விவரத்தைப் பார்த்துத் திட்டமிடுமாறு பலரும் அறிவுறுத்துவதுண்டு. நான் பன்னிரண்டு மாதங்களைக் கேட்பதற்குக் காரணம், ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு மூன்று மாதக் கணக்கில் அகப்படாமல் போய்விடுவதுதான். அகப்பட்டாலும், "அந்த மாதம் மட்டும் கொஞ்சம் அதிகம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்" என்று சொல்லி, வந்தவரே அதை நீக்கிவிடுவார். அபிகெயில் சஸ்மன், ஆடம் ஆல்டர் என்னும் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது: வழக்கமான செலவுகளை மக்கள் ஓரளவு சரியாகவே மதிப்பிடுகிறார்கள், வழக்கத்துக்கு மாறான செலவு ஒவ்வொன்றையும் ‘இந்த ஒருமுறைதான்’ என்று தனித்தனியாகப் பார்ப்பதால், அவை அடுத்தடுத்து வந்துகொண்டே இருப்பதைக் குறைத்து மதிப்பிட்டு, அவற்றுக்குத் தாராளமாகவும் செலவழித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் வேறு பெயரில் வருவதால், அது ஒவ்வொரு மாதமும் வருகிறது என்பதே தெரியாமல் போகிறது.

ஆகவே, திட்டத்தின் முதல் வேலை இச்செலவுகளுக்குப் பெயர் வைப்பது. பிரீமியம், வரி, கல்விக் கட்டணம் போன்றவற்றுக்குத் தேதியும் தொகையும் முன்பே தெரியும்; அவற்றில் சிக்கலில்லை. பழுது, மருத்துவம், பழைய கைபேசிக்கு மாற்று போன்றவை என்றைக்கு வரும் என்று தெரியாவிட்டாலும் வரும் என்பது தெரியும். கடந்த ஆண்டுத் தொகையையே இந்த ஆண்டுக்கும் ஒதுக்கினால் போதும். திருமணங்கள், பரிசுகள், பயணங்கள் ஆகியவைதான் வீட்டில் விவாதத்தைக் கிளப்புபவை. அவற்றில் தொகையைத் தீர்மானிப்பது நாம்தான் என்பதால், ஆண்டுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அழைப்பிதழ் கையில் வந்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்கினால், அது பணத்தைப் பற்றிய பேச்சாக இருக்காது. யார் வீட்டு உறவினர் என்பதைப் பற்றிய பேச்சாகிவிடும்.

இவ்வாறு கிடைத்த மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து, அத்தொகையைச் சம்பளம் வரும் நாளிலேயே வேறொரு வங்கிக் கணக்குக்குத் தானாக மாறும்படி ஏற்பாடு செய்துவிட வேண்டும். ஒரே கணக்கில் வைத்துக்கொண்டு மனக்கணக்காகப் பிரித்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கணித ரீதியாக இரண்டும் ஒன்றுதான். ஆனால், மனிதர்கள் பணத்தை அப்படி நடத்துவதில்லை. சம்பளத்தை ஒருவிதமாகவும், எதிர்பாராமல் வந்த ஊக்கத்தொகையை வேறுவிதமாகவும் செலவழிக்கும் இயல்பை ‘மனக் கணக்கு வைப்பு’ என்று விளக்கியவர் ரிச்சர்ட் தேலர். நடத்தைப் பொருளியலில் அவர் ஆற்றிய பங்களிப்புகளுக்காக 2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இவ்வியல்பு பொதுவாக ஒரு குறையாகவே சொல்லப்படுகிறது. எனக்கோ அது கைவசமுள்ள நல்ல கருவியாகத் தெரிகிறது: ‘ஆண்டுச் செலவு’ என்று பெயரிட்ட தனிக் கணக்கில் உள்ள பணத்தை வார இறுதிக் கடைவீதிக்காக எடுக்க மனம் எளிதில் இடம் கொடுக்காது.

இந்தத் தனிக் கணக்கு இல்லாத வீடுகளில் அந்த 14ஐக் கொடுப்பது பெரும்பாலும் கடன் அட்டைதான். மாதம் 3 சதவீத வட்டி என்பது கேட்பதற்குச் சிறியதாக இருக்கும்; அது மாதந்தோறும் கூட்டு வட்டியாகப் பெருகும்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 42.6 சதவீதமாகிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திவருபவருக்கு இந்த ஆண்டின் டயர் செலவு அடுத்த ஆண்டின் டயர் செலவோடு சேர்ந்துகொள்ளும். அட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு. டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட சோதனையில், ஒரு விளையாட்டுப் போட்டியின் நுழைவுச்சீட்டுகளுக்குக் கடன் அட்டையால் பணம் செலுத்துமாறு சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகச் செலுத்துமாறு சொல்லப்பட்டவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுக்க முன்வந்தார்கள். எல்லாப் பொருளிலும் இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று கொள்ள வேண்டியதில்லை; பணம் கைமாறுவது கண்ணில் படாதபோது கை தாராளமாகிறது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

அன்றாடச் செலவுகளைப் பொறுத்தவரை என் அறிவுரை சுருக்கமானது. ஒவ்வொரு சிறு தொகையையும் குறித்து வைப்பது பணம் எங்கே போகிறது என்று கண்டறிய உதவும். ஓரிரு மாதங்கள் செய்தால் போதும், ஆயுள் முழுக்கச் செய்பவர்கள் அரிது. அதைவிட, அன்றாடச் செலவுக்கான தொகையை மாதக் கணக்காக வைக்காமல் வாரக் கணக்காகப் பிரித்து, அந்த வாரத்துக்கு உரியதை மட்டும் செலவுக்கான கணக்கில் போட்டு வைக்கலாம். மாத வரம்பு மீறப்பட்டது மாத இறுதியில்தான் தெரியும். வார வரம்பு கரைவது வியாழக்கிழமையே தெரிந்துவிடும். வீட்டில் சம்பாதிப்பவர், சம்பாதிக்காதவர் என்ற பேதமின்றி ஒவ்வொருவருக்கும் கணக்குக் கேட்கப்படாத ஒரு சிறு தொகை இருப்பதும் நல்லது. அது இல்லாத திட்டங்களில் பொய்க் கணக்கு எழுதப்படுவதைக் கண்டிருக்கிறேன்.

வரி போக மீதமுள்ள வருமானத்தில் தேவைக்கு 50, விருப்பத்துக்கு 30, சேமிப்புக்கு 20 சதவீதம் என்ற பங்கீட்டைப் பலர் கேட்பார்கள். பின்னாளில் அமெரிக்க செனட்டரான எலிசபெத் வாரன் தன் மகளுடன் சேர்ந்து 2005இல் பரவலாக்கிய முறை அது. தொடங்குவதற்கு நல்ல அளவுகோல்தான். ஆனால், எல்லோருக்கும் பொருந்தாது. வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857இலேயே காட்டினார். குறைந்த வருமானமுள்ள வீட்டில் தேவைகள் மட்டுமே 70 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் குற்றமாகக் கருத இடமில்லை. அங்கே விகிதத்தைத் துரத்துவதை விட, அந்த 70க்குள் ஆண்டுச் செலவுகள் அடங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பதே பயன் தரும். வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுபவர்கள், கடந்த ஓராண்டில் மிகக் குறைவாக வந்த மாதத்தின் தொகையை அடிப்படையாகக் கொண்டு திட்டமிடலாம்.

அவசர நிதியையும் இந்த ஆண்டுச் செலவுக் கணக்கையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. அவசர நிதி என்பது வேலை போவதற்கும், திடீர் மருத்துவமனைச் சேர்க்கைக்கும் உரியது. மூன்று முதல் ஆறு மாத அத்தியாவசியச் செலவுக்கு ஈடாக அதை வைத்திருக்குமாறு சொல்வது வழக்கம். டயர் தேய்வது அவசரநிலை அன்று. அதற்கு அவசர நிதியில் கை வைத்தால், வேலை போகும் நாளில் அங்கே ஒன்றும் இருக்காது.

முதலாண்டில் மட்டும் ஒரு நடைமுறைச் சிரமம் உண்டு. தனிக் கணக்கு காலியாகத் தொடங்குகிறது. செலவுகளோ அது நிரம்பும்வரை காத்திருப்பதில்லை. மேலே சொன்ன குடும்பத்துக்குப் பிரீமியமான 36ஐச் செலுத்த இன்னும் மூன்றே மாதங்கள்தான் இருக்கின்றன என்றால், அதைப் பன்னிரண்டால் வகுத்து 3 ஒதுக்கினால் தேதி வரும்போது 27 குறையும். எனவே அந்தச் செலவை மட்டும் மூன்றால் வகுத்து மாதம் 12 என்று ஒதுக்கி, அதைச் செலுத்தி முடித்த பிறகு மாதம் 3க்குத் திரும்ப வேண்டும். அந்த மூன்று மாதங்களுக்குச் சேமிப்பையும், அது போதாவிட்டால் மற்ற ஆண்டுச் செலவுகளுக்கான ஒதுக்கீட்டையும் குறைத்துக்கொள்ளலாம். கூடுமானால் பிரீமியத்தைக் காலாண்டுத் தவணையாக மாற்ற முடியுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்கலாம். தவணைக்காகக் கூடுதல் கட்டணம் வசூலிக்கப்படுமா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.