பாண்ட் உங்களைக் காப்பாற்றாது

கலிபோர்னியாவில் கான்ட்ராக்டர் லைசன்ஸ் வாங்க வருகிற டைல்ஸ்காரர், பெயின்டர், பிளம்பர் எல்லோரும் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: “பாண்ட் போட்டாச்சு சார், இன்ஷூரன்ஸ் முடிஞ்சுது.” முடியவில்லை. ஆரம்பிக்கவே இல்லை.

போன மாதம் வந்தவர், பாண்ட் கொடுத்த ஷ்யூரிட்டி நிறுவனத்தின் கடிதத்தோடு வந்தார். அவர் கட்டிய குளியலறையில் நீர்த்தடுப்பு சரியில்லை. கீழ்த்தளத்துக் கூரை ஊறிப்போனது. வீட்டுக்காரர் பாண்ட் மீது கிளெய்ம் போட, நிறுவனம் பணம் கொடுத்துவிட்டது. இப்போது அந்தத் தொகையைச் செலவோடு சேர்த்து இவரிடம் கேட்கிறது. “வருஷாவருஷம் பிரீமியம் கட்டினேனே சார்!” என்கிறார்.

கட்டினீர்கள், சரி. ஆனால் பாண்ட் என்பது ஜாமீன். கடனுக்குக் கையெழுத்துப் போட்ட மாமா, நீங்கள் கட்டாவிட்டால் கட்டிவிட்டு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார் அல்லவா, அதேதான். லைசன்ஸ் கொடுக்கும் மாநில வாரியம் கேட்கும் 25,000 டாலர் பாண்ட் (2023க்கு முன் 15,000) வாடிக்கையாளருக்கும், சம்பளம் கிடைக்காத வேலையாளுக்கும் பாதுகாப்பு. உங்களுக்கு அல்ல. திருப்பிக் கட்டுவேன் என்று பாண்ட் வாங்கும்போது நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை!

அந்த ஊறிப்போன கூரைக்கு நின்றிருக்க வேண்டியது ஜெனரல் லயபிலிட்டி பாலிசி, அதாவது உங்கள் வேலையால் பிறருக்கு வரும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ். தனிநபர் லைசன்ஸுக்கு வாரியம் இதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, அதனால்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தொழிலை எல்எல்சி (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) ஆக்கினால் குறைந்தது பத்து லட்சம் டாலருக்குக் கட்டாயம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் தப்பான டைல்ஸை மறுபடி பதிக்கும் செலவை இந்தப் பாலிசியும் பொதுவாகத் தராது. அந்தத் தப்பால் பிறருக்கு வந்த சேதத்தைத்தான் பார்க்கும்.

அப்புறம் வொர்க்கர்ஸ் காம்ப், வேலையில் அடிபடும் தொழிலாளிக்கான இன்ஷூரன்ஸ். வேலைக்கு ஆள் யாரும் இல்லை என்றால், இது வேண்டாம் என்று வாரியத்திடம் விலக்குப் படிவம் கொடுக்கலாம். கான்கிரீட், ஏசி, ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் வேலை, கூரை, மரம் வெட்டுதல் ஆகிய ஐந்துக்கும் அந்த விலக்கு கிடையாது. தனி ஆளாக வேலை செய்தாலும் பாலிசி வேண்டும். கூரைக்காரருக்கு இது பழைய விதி, மற்ற நான்குக்கும் 2023 ஜனவரி 1 முதல்.

விலக்குப் படிவத்தில் போடும் கையெழுத்து பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு உட்பட்டது. அதைப் போட்டுவிட்டு, சனிக்கிழமை கூலி வேலை தேடிக் கடை வாசலில் நின்ற இரண்டு பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். லைசன்ஸ் இல்லாத உதவியாளும் சட்டப்படி உங்கள் தொழிலாளிதான். “அவர் சப்-கான்ட்ராக்டர் சார்” என்பதை என்னிடம் சொல்லிப் பயன் இல்லை, ஏணியிலிருந்து விழுந்தவரின் வக்கீலிடம் சொல்லிப் பாருங்கள்.

கட்டாயமான வொர்க்கர்ஸ் காம்ப் பாலிசி காலாவதியானால் லைசன்ஸ் தானாகவே முடக்கப்படும். முடங்கிய காலத்தில் செய்த வேலைக்குக் கோர்ட்டுக்குப் போனாலும் கூலி கிடைக்காது. கொடுத்த பணத்தையும் வாடிக்கையாளர் திருப்பிக் கேட்கலாம்.

தயவுசெய்து இதையாவது செய்யுங்கள். இன்ஷூரன்ஸ் சர்டிபிகேட்டில் உள்ள பெயரும் லைசன்ஸில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். புதுப்பித்ததும் வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் லைசன்ஸ் எண்ணைப் போட்டு, பதிவாகிவிட்டதா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று இருக்காதீர்கள், நானே ஏஜென்ட்தான் சொல்கிறேன்.