ஒரு பல் தவறினால்: டீசல் பம்ப் டைமிங்கைத் திரும்ப அமைப்பது பற்றி

நான்கு சிலிண்டர் கொண்ட ஒரு ஜெனரேட்டர் எஞ்சின் என்னிடம் வந்தது. முன்பக்க ஆயில் சீலில் கசிவு இருந்ததால் வேறோர் இடத்தில் டைமிங் கவரை (கியர்களை மூடும் முன்மூடி) திறந்து வேலை பார்த்திருக்கிறார்கள்; அதை மூடி ஓட்டிய நாள் முதல் சுத்தியலால் அறைவது போன்ற இடிச்சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முனை) கோளாறு என்று கருதி நான்கு நாசில்களையும் மாற்றினார்கள், சத்தம் போகவில்லை. பேரிங் தேய்ந்திருக்குமோ என்று ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தார்கள். பேரிங்கில் குறை எதுவும் இல்லை. இப்படியே ஐந்து வாரங்கள் அந்த எஞ்சின் ஓடியிருக்கிறது.

நான் முதலில் பார்த்தது, டீசலை உரிய நேரத்தில் நாசில்களுக்கு அனுப்பும் பம்ப் அமர்ந்திருந்த விதத்தை. பம்ப்பை எஞ்சினோடு பிணைக்கும் ஃபிளேஞ்சில் வட்டத் துளைகளுக்குப் பதிலாக வளைந்த நீள்துளைகள் இருந்தன. டைமிங்கை, அதாவது டீசல் பாயும் நேரத்தை, திருத்த பம்ப்பைச் சில டிகிரி இப்படியும் அப்படியும் திருப்புவதற்கு அவை இடம் தருகின்றன. அந்தப் பம்ப் நீள்துளையின் ஒரு கோடிவரை தள்ளி இறுக்கப்பட்டிருந்தது. ஃபிளேஞ்சுக்கும் எஞ்சின் உடலுக்கும் குறுக்கே போடப்பட்டிருந்த பழைய அடையாளக் கீறல் இரண்டு துண்டாக விலகி நின்றது. சத்தத்தைக் குறைக்க யாரோ பம்ப்பைத் திருப்பிக்கொண்டே போய், மேலும் திருப்ப இடமில்லாமல் அங்கேயே விட்டிருக்கிறார்கள். டைமிங் கவர் திறக்கப்பட்ட எஞ்சினில் இப்படிக் கண்டால் கியரில் பல் தவறியிருக்கிறது என்றுதான் நான் முதலில் எண்ணுவேன்.

ஒரு பல் என்பது சிறிய பிழையாகத் தோன்றலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மை அச்சு) இரண்டு சுற்று சுற்றும்போது பம்ப் ஒரே சுற்றுதான் சுற்றுகிறது. எனவே கிராங்க் கியரில் 24 பற்கள் இருந்தால் பம்ப் கியரில் 48 இருக்கும். அங்கே ஒரு பல் தள்ளினால் பம்ப்பில் 7.5 டிகிரியும் கிராங்கில் 15 டிகிரியும் மாறிவிடும். பிஸ்டன் உச்சிக்கு வர 15 டிகிரி இருக்கும்போது டீசல் பாய வேண்டிய எஞ்சினில் 30 டிகிரி இருக்கும்போதே பாயும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் எஞ்சினில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டில் 9 டிகிரி நகர்கிறது என்பதைக் கொண்டு பார்த்தால், ஏறத்தாழ 1.7 மில்லிசெகண்ட் முந்திவிடுகிறது. அந்த நேரத்தில் காற்று இன்னும் போதிய அளவு சூடேறியிருக்காது. ஆகவே டீசல் உடனே பற்றாமல் சேர்ந்துகொண்டே போய், பிறகு மொத்தமாக ஒரே கணத்தில் எரிந்து, மேலேறி வரும் பிஸ்டனை எதிர்த்து அடிக்கிறது. நாம் கேட்கும் இடிச்சத்தம் அதுதான். பல் எதிர்த்திசையில் தவறியிருந்தால் சத்தம் அடங்கி, ஸ்டார்ட் ஆவதற்குச் சிரமம், வெண்புகை, இழுவைக் குறைவு, எக்ஸாஸ்டில் மிகுந்த சூடு என்று வேறு விதமாக வெளிப்படும்.

பம்ப் பாதிச் சுற்று மாறி, அதாவது காற்று அழுந்தும் கம்ப்ரஷன் உச்சிக்குப் பதிலாகப் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் உச்சியில் டீசல் அடிக்கும்படி பூட்டப்பட்டால், எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. பிழை உடனே தெரிந்துவிடும். அப்போது சிலர் சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் எஞ்சினில் முதல் பைப்பை நான்காவதற்கும் இரண்டாவதை மூன்றாவதற்கும் மாற்றிப் பூட்டி ஓட வைப்பதுண்டு. ஓடும்தான். ஆனால் அளவெடுத்து வளைத்த உயர் அழுத்தப் பைப்புகளை மறுபடி வளைத்தால் விரிசல் விடக்கூடும். அடுத்துத் திறப்பவரையும் அது ஏமாற்றும். அதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. அதைவிட ஆபத்தானது ஒரு பல் பிழை, ஏனெனில் அதை வைத்துக்கொண்டு எஞ்சின் ஓடுகிறது.

திருத்தும்போது எந்தக் குறியையும் நம்புவதற்கு முன் பிஸ்டனின் உண்மையான நிலையை நானே உறுதி செய்துகொள்வேன். ராக்கர் கவரைத் திறந்து கிராங்கைக் கையால் சுற்றினேன். முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளிலும் டாப்பெட் ஆட்டம் (வால்வு மூடியிருக்கும்போது ராக்கருடன் உள்ள சிறு இடைவெளி) இருந்து, நான்காம் சிலிண்டரில் ஒரு வால்வு மூட மற்றொன்று திறக்கத் தொடங்கினால், முதல் பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கிறது. முன்பக்க புல்லியின் குறியை மட்டும் நம்பக் கூடாது; ரப்பர் ஒட்டிய புல்லியில் வெளிவளையம் நழுவியிருந்தால் குறியும் அதனுடன் நகர்ந்திருக்கும். உச்சியருகே பிஸ்டன் மிக மெதுவாகவே நகரும்: 100 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள எஞ்சினில் உச்சியிலிருந்து 5 டிகிரி விலகினாலும் பிஸ்டன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும். அதனால் டயல் கேஜ் வைத்து, உச்சிக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு காட்டும் இரண்டு இடங்களை ஃபிளைவீலில் குறித்து, அவற்றின் நடுவை எடுத்தேன்.

பிறகு டைமிங் கவரைத் திறந்தேன். பம்ப் கியரின் குறி ஒரு பல் தள்ளித்தான் இருந்தது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பல எஞ்சின்களில் இடையே நிற்கும் ஐட்லர் கியரின் பற்களின் எண்ணிக்கை மற்றவற்றோடு நேராக வகுபடாது. எனவே சரியாகப் பூட்டிய பிறகும், கிராங்கை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தால் ஐட்லரின் குறிகள் பொருந்தாமல் நிற்கும், பல சுற்றுகளுக்கு ஒருமுறைதான் மறுபடி கூடும். இது தெரியாமல் சரியான கியரைக் கழற்றித் தவறாகப் பூட்டியவர்கள் உண்டு. இந்த எஞ்சினிலும் அப்படியே நடந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

கியரைச் சரியாக்கி, பம்ப்பைப் பழைய கீறலுக்குத் திருப்பிய பின், சொட்டு பார்க்கும் முறையில் அளந்தேன். அது இன்லைன் பம்ப், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பிளஞ்சர் (டீசலை அழுத்தும் தண்டு) வரிசையாக நிற்பது. பம்ப்பில் முதல் சிலிண்டருக்குரிய டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துச் சுத்தமான டீசலில் போட்டுவிட்டு, ஹோல்டரை மட்டும் மாட்டி, வளைந்த குழாய் ஒன்றைப் பொருத்தி, உயரத்தில் வைத்த தொட்டியிலிருந்து டீசல் விட்டேன். ஸ்டாப் லீவர் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். நிறுத்தும் நிலையில் பிளஞ்சரின் பள்ளம் துளைக்கு நேராக நிற்பதால் ஒழுக்கு நிற்கவே நிற்காது. எஞ்சின் ஓடும் திசையில் கிராங்கை மெல்ல நகர்த்தினால் ஒழுக்கு மெலிந்து, சொட்டாகி, நிற்கப்போகும். பிளஞ்சர் துளையை மூடும் அந்த இடம்தான் டீசல் அழுத்தப்படத் தொடங்கும் இடம். தாண்டிவிட்டால் சற்றே பின்னுக்குத் தள்ளிச் சரிசெய்யக் கூடாது. கால் சுற்றுக்கு மேல் பின்வாங்கி மறுபடி அதே திசையில் வர வேண்டும், இல்லாவிட்டால் கியர் பற்களின் ஆட்டம் அளவில் நுழைந்துவிடும். ஃபிளைவீல் விட்டம் 360 மி.மீ. என்றால் அதன் விளிம்பில் ஒரு டிகிரி 3.14 மி.மீ. ஆகும், டிகிரிக் கோடு இல்லாத ஃபிளைவீலிலும் டேப் கொண்டு அளந்துவிடலாம். மூன்று முறை எடுத்தேன். கிராங்கில் 2 டிகிரி குறைவாக, அதாவது தாமதமாக, வந்தது. பம்ப்பை அதன் அச்சு சுற்றும் திசைக்கு எதிராக 1 டிகிரி திருப்பியதும் உற்பத்தியாளர் கையேட்டின் அளவுக்கு வந்து நின்றது.

ஒற்றைப் பிளஞ்சர் கொண்ட ரோட்டரி பம்ப்பில் சொட்டுக்குப் பதில் தலைப்பகுதியில் டயல் கேஜ் வைத்து பிளஞ்சர் எழும்பும் அளவைப் பார்க்க வேண்டும். காமன் ரெயில் எஞ்சினில் டீசல் பாயும் நேரத்தை இ.சி.யு. (எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி) முடிவு செய்வதால் இந்த முறைகள் அங்கே பொருந்தாது.

பம்ப்பில் கை வைத்த எஞ்சினை முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது ரேக் (டீசலின் அளவை மாற்றும் தண்டு) சிக்கி, எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்க வாய்ப்பு உண்டு. காற்று வரும் வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையோடு ஒருவர் அருகில் நிற்காமல் நான் ஸ்டார்ட் செய்வதில்லை. நாசில் பீய்ச்சலின் முன் கை போகவே கூடாது. ஏறத்தாழ 200 பாரில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே தெரிவது ஊசி முனையளவு காயம்தான் என்றாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும்.

டீசல் பாதையில் இருந்த ஏர் எடுத்து முடித்ததும் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது, இடிச்சத்தம் இல்லை. ஆனால் லோடு கொடுத்த சிறிது நேரத்தில் ரேடியேட்டரில் குமிழிகள் எழுந்தன. ஹெட்டைக் கழற்றியபோது இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருந்தது. மூன்றாம் பிஸ்டனை வெளியே எடுத்ததும் மேல் ரிங் அமரும் விளிம்பு உடைந்து என் கையோடு வந்தது.