இருமல் மருந்தின் இடம்புரி இரட்டை

இருமல் மருந்துப் புட்டியைப் படம்பிடித்து அனுப்பி, ஒரு வாசகர் கேட்கிறார்: "இதிலுள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மார்பினுக்கு உறவாமே? பிறகு ஏன் வலியைக் குறைப்பதில்லை?"

உறவுதான். ஆனால் வலியைப் போக்கும் திறன் அதன் கண்ணாடிப் பிம்பமான லெவோமெத்தார்பனுக்கே வாய்த்தது. அதே அணுக்கள், அதே பிணைப்புகள். வலம்புரிச் சங்கையும் இடம்புரிச் சங்கையும் போல, எப்படித் திருப்பினாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. (வலம்புரி செல்வம் கொண்டுவரும் என்பார்கள். விற்பவருக்குக் கொண்டுவருவது உண்மை.) உடலுக்குள் லெவோமெத்தார்பன் லெவோர்பனாலாக மாறுகிறது. அது மார்பினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள வலிநிவாரணி. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மாறுவது டெக்ஸ்ட்ரோர்பனாக. வலி விஷயத்தில் அது உதவாக்கரை.

காரணம், மூளை செல்லில் மார்பின் வந்து அமரும் ஏற்பி என்ற புரதம். வலக்கால் செருப்பில் இடக்கால் நுழையாத கதைதான். ஆனால் அந்தச் செருப்பு இருப்பதையே இந்த இரட்டையரை வைத்துத்தான் நிரூபித்தார்கள் என்பது எனக்கு அலுக்காத செய்தி. மூளைத் திசுவை அரைத்து மருந்தை ஊற்றினால், அது கொழுப்பில், புரதத்தில், சோதனைக்குழாயில்கூட ஒட்டிக்கொள்ளும். எது உண்மையான ஒட்டல்? சும்மா ஒட்டும் பரப்புக்கு இடம் வலம் தெரியாது. இரட்டையர் இருவரையும் ஒன்றுபோலவே பிடிக்கும். ஆளைப் பார்த்துப் பிடித்தால் அதுவே ஏற்பி. 1973இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் என்ற ஆய்வாளர்கள், மார்பினின் ஏற்பியிலேயே போய் அமரும் நலாக்சோன் என்ற மருந்தைக் கதிரியக்கக் குறியிட்டு எலி மூளைத் திசுவில் ஒட்டவிட்டார்கள். துளியளவு லெவோர்பனால் அதை விரட்டியது. அதே வேலைக்கு டெக்ஸ்ட்ரோர்பன் ஆயிரக்கணக்கான மடங்கு தேவைப்பட்டது.

இரட்டையர் அச்சாக ஒன்றுபோல இருப்பதில் ஆபத்தும் உண்டு. எடை, உருகுநிலை, கரைதிறன் என எதிலும் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. 2012 இறுதியில் பாகிஸ்தானின் லாகூரிலும் குஜ்ரன்வாலாவிலும் இருமல் மருந்து குடித்துப் பலர் இறந்தார்கள். அதிலிருந்த டெக்ஸ்ட்ரோமெத்தார்பனில் லெவோமெத்தார்பன் கலந்திருந்தது. மூலப்பொருள் போனது இந்தியாவிலிருந்து.

மருந்துப் பரிசோதனைக் கூடங்களுக்குப் பணம் ஒதுக்குவதை வீண்செலவாக நினைப்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இரட்டையரில் ஒன்று ஒளியின் அதிர்வுத் தளத்தை வலப்பக்கம் திருப்பும், மற்றொன்று இடப்பக்கம். கலப்படம் இருந்தால் திருப்பும் கோணம் குறையும். அதை அளக்கும் போலாரிமீட்டர், பி.எஸ்சி. மாணவர்கள் சர்க்கரைக் கரைசலை வைத்து அளந்து பழகும் கருவி.