கவனக்குறைவா, பிழையா?

விமானம் பற்றிய செய்தி எது வந்தாலும் ‘எஞ்சின் பராமரிப்பில் ஊழியர்களின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி எட்டிப்பார்க்கிறது. மூல அறிக்கையைத் தேடிப் பார்த்தால் அங்கே இருப்பது ‘ஹியூமன் எரர்’. போன வாரம் ஓர் ஆவணப்படத்தின் தமிழ்க் குரலிலும் அதே கவனக்குறைவு. பொறுமை போய்விட்டது.

வேரை முதலில் முடித்துவிடலாம். ‘எரர்’ லத்தீனிலிருந்து வந்தது. அலைதல், வழி மாறிப் போதல் என்று பொருள். தமிழில் அதற்குப் பிழை இருக்கிறது. பிழைத்தல் என்றால் குறி தப்புதல். ‘யானை பிழைத்தவேல்’ என்கிறது குறள், யானைமேல் எறிந்து குறி தப்பிய வேலை. எறிந்தவனை வள்ளுவர் ஏசவில்லை. முயலை வீழ்த்திய அம்பைவிட அந்த வேலை ஏந்துவதே இனிது என்கிறார். ஆக, மனிதப் பிழை.

கவனக்குறைவு என்ன செய்கிறது? நடந்ததைச் சொல்லாமல் நேரே தீர்ப்புக்குப் போய்விடுகிறது. 1983 மே 5 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸின் நாசோவுக்குக் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் டிரைஸ்டார் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் வரும் உலோகத் துகள்களைப் பிடிக்க எஞ்சினில் ஒரு காந்த அடைப்பான் உண்டு. முந்தைய இரவுப் பணியில் மூன்று எஞ்சின்களிலும் அதை மாற்றினார்கள். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஓ-ரிங் எதிலும் இல்லை. வானத்தில் மூன்றும் எண்ணெய் இழந்து, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முதலில் நிறுத்திய எஞ்சினை மறுபடி உயிர்ப்பித்து மயாமிக்கே திரும்பினார்கள். 172 பேரும் பிழைத்தார்கள் (இதுவும் அதே பிழைத்தல்தான்).

புது ரிங் போடச் சொல்லிப் பணி அட்டையில் இருந்ததே, அப்படியானால் கவனக்குறைவுதானே என்பீர்கள். ஆனால் வழக்கமாக அந்த அடைப்பான்கள் ரிங் மாட்டிய நிலையிலேயே மெக்கானிக்குகள் கைக்கு வரும். அன்று எப்போதும் எடுக்கும் இடத்தில் இல்லாமல் கிடங்கிலிருந்து வந்தன, ரிங் இல்லாமல். கசிவு பார்க்க எஞ்சினைச் சுழற்றிய சில நொடிகளில் எண்ணெய் வெளியே தெரியவில்லை. இதேபோன்ற சம்பவங்கள் முன்பே நடந்தும் நிர்வாகம் உரிய கவனம் தரவில்லை என்று விசாரணை அறிக்கையே சொன்னது. ‘ஊழியர்களின் கவனக்குறைவு’ என்று எழுதிய கணமே நிர்வாகம் நழுவிவிடுகிறது.

மனிதத் தவறு என்பாரோடு எனக்குப் பெரிய சண்டையில்லை. ‘கை தவறி விழுந்தது’ என்பதில் தவறு அப்பாவிச் சொல்தான். இன்று ‘தவறு செய்தவர்’ என்றால் கூண்டில் நிற்பவர் ஆகிவிட்டார், அதுதான் தயக்கம். ‘மாந்த வழு’ என்போரிடம் மட்டும் கொஞ்சம் சண்டை உண்டு. இலக்கண வகுப்பிலிருந்து வழுவைக் கூட்டிக்கொண்டுபோய் மென்பொருள்காரர்கள் வேலைக்கு வைத்தாயிற்று; எஞ்சினில் வழு என்றால் கணினி நிரலில் ஏதோ கோளாறு என்றே படிப்பார்கள். தூய்மை நல்லதுதான், ஸ்பானர் பிடிப்பவருக்கும் புரிய வேண்டாமா?

மனிதப் பிழையின் உள்வகைகளுக்கும் நம்மிடம் சொற்கள் கிடக்கின்றன. செய்ய நினைத்தது சரி, கை வேறொன்றைச் செய்தது: கைப்பிசகு. பாதியில் யாரோ கூப்பிட, ஒரு போல்ட் விட்டுப்போனது: மறதி. விதி தெரிந்தே தாண்டினால் விதிமீறல்; அதைப் பிழையோடு சேர்க்கவே கூடாது.

1993-இல் கனடாவின் போக்குவரத்துத் துறையில் இருந்த கோர்டன் டூபாண்ட் தொகுத்த விமானப் பராமரிப்புப் பிழைக் காரணங்கள் பன்னிரண்டு. களைப்பு, நெருக்கடி, கவனச்சிதறல், கருவியோ ஆளோ போதாமை என்று நீளும் பட்டியல். அதில் ‘கம்ப்ளேசன்சி’ என்று ஒன்று, எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்ற அசட்டை. அகராதியைப் பார்த்து அதை ‘மனநிறைவு’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். மனநிறைவோடு போல்ட்டை முறுக்கினால் எஞ்சின் கழன்றுவிடுமா என்ன? மெத்தனம் என்ற சொல்லை அவர்கள் கேட்டதே இல்லையா?