ஸ்டீரியோ: இரண்டு பெட்டியா, திண்ணொலியா?

ஸ்டீரியோ என்றால் என்ன என்று மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும் ‘ரெண்டு ஸ்பீக்கர்’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆனால் அந்தச் சொல்லில் இரண்டு என்ற பொருளே கிடையாது. கிரேக்க மொழியில் ‘ஸ்டெரியோஸ்’ என்றால் கெட்டியானது, திடமானது. கெட்டியாக வார்த்தெடுத்த அச்சுத் தகட்டுக்கு ஸ்டீரியோடைப் என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான்.

இந்த வேர் முதலில் கண்ணுக்கு வந்தது, பிறகுதான் காதுக்கு. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டோன் ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவியை விளக்கினார். சற்றே வேறுபட்ட இரண்டு தட்டைப் படங்களை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டினால், பார்ப்பவருக்கு ஆழமும் பருமனும் உள்ள ஒரே பொருளாகத் தெரியும். இதையே ஒலியில் செய்தது ஸ்டீரியோபோனிக். இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் ஆலன் புளும்லைன் 1931 டிசம்பரில் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது ‘பைனாரல்’, அதாவது இருசெவி என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினார், ஆனால் கடைசியில் நிலைத்தது ஸ்டீரியோ.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘இருவழி ஒலி’ என்று எழுதலாம்தான். கம்பி இரண்டு வழியாகப் போகிறது என்பதை அது சரியாகச் சொல்கிறது, கேட்பவருக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லவில்லை. ‘முப்பரிமாண ஒலி’ என்றால் கூரையிலிருந்தும் முதுகுக்குப் பின்னாலிருந்தும் ஒலி வரவேண்டும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். என் விருப்பம் திண்ணொலி. திண்மை திருக்குறளிலேயே இருக்கிற சொல், ஸ்டெரியோஸுக்கு நேர்ப்பொருள். ஒரு குரல் காற்றில் இந்த இடத்தில் நிற்கிறது என்று விரல் நீட்டிக் காட்டுகிற அளவுக்கு ஒலி கெட்டிப்பட வேண்டும், அப்போதுதான் அது ஸ்டீரியோ.

அந்தக் கெட்டிப்படுதல் ஸ்பீக்கர் பெட்டிக்குள் நடப்பதில்லை, உங்கள் இரண்டு காதுக்கும் நடுவில் நடக்கிறது. அதனால்தான் பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பது இவ்வளவு முக்கியம். இங்குள்ள தாமான் வீடுகளில், அதாவது குடியிருப்புப் பகுதி வீடுகளில், ஹால் நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். ஒரு பெட்டி டிவி அலமாரி மேல், சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கும், இன்னொன்று சமையலறை வாசலுக்கு மேலே ஆணியில் தொங்கும், வீடு முழுக்கப் பாட்டுக் கேட்கவேண்டும் என்பதற்காக. பாட்டு கேட்கும், ஆனால் திண்ணொலி வராது. ஒலி ஒரு மில்லி வினாடியில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர்தான் போகிறது. ஒரு பெட்டி அந்த அளவு பக்கத்தில் இருந்தாலே போதும், பாடுகிற குரல் நடுவிலிருந்து நகர்ந்து அந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். காது முதலில் வந்த ஒலியைத்தான் நம்பும்.

ஆகவே ஒரு அளவுநாடா எடுங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே உள்ள தூரமும், ஒவ்வொரு பெட்டியிலிருந்து நீங்கள் உட்காரும் நாற்காலிக்கு உள்ள தூரமும் ஒன்றாக இருக்கட்டும், அதாவது சமபக்க முக்கோணம். இரண்டு மீட்டர் என்றால் எல்லாமே இரண்டு மீட்டர். உச்ச ஒலி தருகிற சின்னக் கூம்பு, உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் வரவேண்டும், அலமாரி உச்சியில் ஏற்றிவைத்தால் பாடகர் கூரையில் உட்கார்ந்து பாடுவார். மூலையில் தள்ளாதீர்கள், மூலை பேஸை, அதாவது அடித்தள ஒலியை, ஊதிவிடும், தவில் தவிலாக இல்லாமல் பானையாக உருளும். சுவரிலிருந்து ஒன்றரை இரண்டு அடி முன்னால் இழுத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். டைல்ஸ் தரை ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும், பெட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு பாய் விரித்தாலே உச்ச ஒலியின் கூச்சல் ஓரளவு குறையும்.

சோதித்துப் பார்க்க விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. மோனோவில், அதாவது ஒரே வழி ஒலியாக, பதிவான ஒரு பழைய கறுப்புவெள்ளைக் காலத்துப் பாட்டைப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான் வரும், அதனால் குரல் நட்டநடுவில், எந்தப் பெட்டியும் இல்லாத இடத்தில், ஒரு புள்ளி மாதிரி நிற்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தூரம் தப்பு. நடுவில் ஒன்றுமே இல்லாமல் குரல் இரண்டு பக்கமும் சிதறி, பேஸும் வற்றிப்போயிருந்தால் ஒரு பெட்டியின் சிவப்பு, கறுப்பு கம்பிகள் மாறியிருக்கின்றன. அவிழ்த்து மாற்றிப் போடுங்கள், அவ்வளவுதான்.

இதற்காக மோனோவைத் தாழ்வாக நினைக்கவேண்டாம். செம்பனைத் தோட்டத்துக் கோவில் திருவிழாவில் கம்பத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கு மோனோதான் சரி. வலப்பக்கக் கம்பத்தடியில் நிற்கிறவருக்கு நாதஸ்வரம் மட்டும், இடப்பக்கம் நிற்கிறவருக்குத் தவில் மட்டும் கேட்டால் அது நியாயமில்லை. வீட்டிலும் அப்படித்தான். உட்கார்ந்து கேட்க நேரமில்லை, சமைத்துக்கொண்டேதான் கேட்பீர்கள் என்றால் அந்த வாசல் பெட்டி அங்கேயே இருக்கட்டும், செட்டில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பாட்டில் பாதி வாத்தியம் அடுப்படிக்கு வராது.