மின்சாரப் பேருந்துக்குக் கார்பன் கிரெடிட் கிடைக்குமா? தென்னாப்பிரிக்க விதி என்ன சொல்கிறது

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பேருந்து ஓட்டுபவர்களிடம் மின்சார வண்டி விற்க வருகிறவர்கள், "கார்பன் கிரெடிட்டிலும் காசு வரும்" என்று சொல்வதுண்டு. வரலாம். எவ்வளவு, எப்போது என்பதுதான் கேள்வி.

தென்னாப்பிரிக்காவில் கார்பன் வரி 2019 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு டன் கார்பன் புகைக்கு 120 ராண்டாக இருந்தது, 2025-இல் 236 ராண்ட் ஆனது. வரி கட்டும் ஆலைகள் அதில் ஒரு பங்கை, வேறொருவர் குறைத்த புகையை விலைக்கு வாங்கி ஈடுகட்டலாம். முதல் கட்டத்தில் இந்தப் பங்கு, தொழிலைப் பொறுத்து, வரிக்குரிய புகையில் 5 அல்லது 10 சதவீதமாக இருந்தது. இப்படி விற்கப்படும் ஒரு கிரெடிட் என்பது குறைக்கப்பட்ட ஒரு டன் புகை. வரியைவிட மலிவாக இருந்தால்தான் ஆலை வாங்கும். ஆகவே வரி விகிதமே உங்கள் விலைக்கு உச்சவரம்பு.

திட்டம் தென்னாப்பிரிக்காவுக்குள் நடக்க வேண்டும். சிடிஎம் எனப்படும் தூய வளர்ச்சி வழிமுறை, வெர்ரா நிறுவனத்தின் விசிஎஸ், கோல்ட் ஸ்டாண்டர்ட் ஆகிய சர்வதேசத் தரங்களில் ஒன்றில் பதிவாகியிருக்க வேண்டும். கார்பன் வரி விழும் செயல்பாட்டுக்குக் கிரெடிட் கிடையாது. பெட்ரோல், டீசலில் கார்பன் வரி ஏற்கெனவே பம்பிலேயே பிடிக்கப்படுகிறது (2025 ஏப்ரலில் டீசல் லிட்டருக்கு 17 சென்ட் ஆனது). அதனால் உங்கள் திட்டம் தகுதி பெறுமா என்பதை, கார்பன் திட்டங்களுக்கு ஒப்புதல் தரும், எரிசக்தித் துறையிலுள்ள நியமிக்கப்பட்ட தேசிய அதிகாரி அலுவலகத்தில் முதலில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். வண்டிக்கு முன்பணம் கட்டுவது அதற்குப் பிறகுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு டீசல் பேருந்து ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓடுகிறது, 100 கிலோமீட்டருக்கு 40 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24,000 லிட்டர், லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் ஏறக்குறைய 64 டன் புகை. அதே தூரத்துக்கு மின்சாரப் பேருந்து, கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் என்றால், 72,000 யூனிட் இழுக்கும். அரசு மின் நிறுவனமான எஸ்காமின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் வருவது. யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ புகை. ஆக 72 டன்! எஸ்காம் மின்சாரத்தில் சார்ஜ் செய்தால் மிச்சமே இல்லை, கிரெடிட்டும் இல்லை. டிப்போ கூரையில் சோலார் போட்டு அதிலேயே சார்ஜ் செய்தால்தான் அந்த 64 டன் கையில் நிற்கும். அப்போதும் 2025-இன் வரி விகிதப்படி ஒரு வண்டிக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் சுமார் 15,000 ராண்டுதான். பேருந்தின் விலையோ பல மில்லியன். கடனை அடைக்க இந்தப் பணம் வரும் என்று நம்பி யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

எங்கள் பார்வையில் ஆதாயம் இருப்பது வேறு இடத்தில்: கார்களையும் டாக்ஸிகளையும் விட்டு மக்கள் ஏறும் விரைவுப் பேருந்துத் தடத்திலும், டர்பன் துறைமுகச் சரக்கை என்3 நெடுஞ்சாலையிலிருந்து ரயிலுக்கு மாற்றுவதிலும். ஆனால் இவற்றுக்குச் சான்று சேர்ப்பது பெரிய வேலை. "இந்தப் பேருந்து இல்லாவிட்டால் எதில் போயிருப்பீர்கள்?" என்று பயணிகளிடம் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். "நடந்தே போயிருப்பேன்" என்பவரின் பயணத்தில் மிச்சமாகும் புகை ஏதும் இல்லை.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் அடிபடுகின்றன. ஒன்று, வண்டியை வாங்கிவிட்டுப் பிறகு பதிவுக்குப் போவது. கிரெடிட் பணம் இல்லாமலேயே இது நடந்திருக்கும் என்றால் திட்டம் தேறாது. சிடிஎம் விதியில், திட்டம் தொடங்கிய 180 நாளுக்குள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு, பதிவேடு. ஒவ்வொரு வண்டிக்கும் ஓடோமீட்டர் கணக்கும் டீசல் ரசீதும் வேண்டும். சார்ஜருக்குத் தனி மீட்டர் வேண்டும். டிப்போவின் விளக்கு, ஒர்க்‌ஷாப், சார்ஜர் எல்லாம் ஒரே மீட்டரில் ஓடினால் எது பேருந்துக்குப் போனது என்று சரிபார்ப்பவரிடம் காட்ட முடியாது. சரிபார்ப்புச் செலவு நான்கு வண்டிக்காரரை விழுங்கிவிடும். பல உரிமையாளர்கள் ஒரே திட்டத்தின் கீழ் சேர்வதே வழி.

கிரெடிட் வந்ததும் நேராக ஆலைக்கு விற்றுவிட முடியாது. தேசிய அதிகாரியின் விரிவாக்கப்பட்ட ஒப்புதல் கடிதம் வாங்கி, சர்வதேசப் பதிவேட்டில் ரத்து செய்து, உள்நாட்டு கார்பன் ஈட்டு நிர்வாக அமைப்பில் ஏற்ற வேண்டும். வாங்கிய ஆலை அங்கே அதைத் தீர்த்து, சான்றிதழோடு ஜூலை மாத வரிக் கணக்கில் காட்டும்.

வெளிநாட்டுக்கு விற்பது தனிப் பாதை. பாங்காக் மின்சாரப் பேருந்துகள் மிச்சப்படுத்திய 1,916 டன்னை, பாரிஸ் ஒப்பந்தத்தின் 6-ஆவது பிரிவின் கீழ் சுவிட்சர்லாந்து வாங்கியது 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. பணம் கொடுத்தது அந்த நாட்டின் பெட்ரோல், டீசல் இறக்குமதியாளர்கள் தரப்பு. இப்படி விற்றால் விற்ற நாடு அந்த டன்களைத் தன் இலக்குக் கணக்கில் காட்டிக்கொள்ள முடியாது. அதனால் அரசின் அனுமதி இல்லாமல் நடக்காது. அதே டன்னை உள்ளூர் ஆலைக்கும் விற்க முடியாது.