முழங்காலுக்கு எந்த ஊசி?

நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாவுக்குக் கொடியேறி மூன்றாம் நாள், முழங்கால் நோவோடு ஓர் அம்மா வந்தார். நாற்பது வருடம் வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்து வேலை செய்த கால்கள். "டொக்டர், தேர் பாக்கோணும். கனடாவில மகன் ஜெல் ஊசி போடச் சொல்லுறான், காசும் அனுப்புறானாம். போட்டா தேஞ்ச எலும்பு வளருமே?"

வளராது. தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் என்று நிரூபிக்கப்பட்ட ஊசி இன்றைக்கு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலர் முகம் வாடும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஜெல் என்பது ஹயலூரோனிக் அமிலம். மூட்டு நீரில் இயற்கையாகவே இருப்பது, அதனால் கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில் வித்தியாசம் மிகச் சிறிது, நோயாளி உணரும் அளவுக்கு இல்லை. பிரித்தானியாவில் எந்தச் சிகிச்சை கொடுக்கலாம் என்று வைத்தியர்களுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பும் 2022 வழிகாட்டியில் இதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. சொந்த இரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பிஆர்பி ஊசியை அவுஸ்திரேலியாவில் 288 பேரில் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடத்தின் பின் நோவிலும் குருத்தெலும்பிலும் உப்புநீரை விடக் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை. சிறிய ஆய்வுகள் சில நல்லது என்கின்றன. அதை நம்பி நகையை ஈடு வைக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மூட்டு அழற்சியைத் தணிக்கும் ஸ்ரெரோயிட் ஊசி மலிவு. சில நாளில் நோ குறையும், சில கிழமைகள் நிற்கும். அந்தச் சுகத்தைக் கண்டு அடிக்கடி கேட்பதுதான் ஆபத்து. 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 140 பேரில் பாதிப்பேருக்கு ஸ்ரெரோயிட்டும் மற்றவர்களுக்கு உப்புநீரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம் ஊசியாகப் போட்டார்கள். ஸ்ரெரோயிட் பெற்றவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது. நோவோ உப்புநீர் பெற்றவர்களைவிடக் குறையவில்லை.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஊசிக்குப் பின் சில நாட்களுக்குச் சீனி ஏறும். முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லுங்கள், அந்தக் கிழமை வீட்டில் சீனியின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிரு நாள் நோ இருக்கலாம். முழங்கால் சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்தால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். மூட்டுக்குள் கிருமி போவது அரிது, போனால் மூட்டே பழுதாகும்.

அந்த அம்மாவுக்கும் சீனி இருந்தது. கட்டுப்பாட்டில் இருப்பதைப் பார்த்து ஒரு ஸ்ரெரோயிட் ஊசி போட்டேன். நோ குறையும் அந்தக் கிழமைகளில்தான் தொடைத் தசையைப் பலப்படுத்த முடியும், அதனால் அன்றே உடற்பயிற்சி சொல்லித்தரும் இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) அனுப்பினேன். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. 2020இல் வெளிவந்த ஆய்வில் 156 பேரைப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு வருட முடிவில் ஸ்ரெரோயிட் ஊசி போட்டவர்களைவிட இயன்மருத்துவம் செய்தவர்களே நன்றாக இருந்தார்கள். கதிரையில் இருந்து காலை நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணிவிட்டு மெல்ல இறக்குவது. கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்புவது. அவருக்கு முதலில் கொடுத்தது இவ்வளவுதான். நிறையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் நாலு கிலோ அளவு பாரம் குறையும் என்பதையும் சொன்னேன்.

தேருக்குப் போனார், வீதி முழுக்கச் சுற்றவில்லை, ஓரிடத்தில் கதிரை போட்டிருந்து பார்த்தாராம். மகன் அனுப்பிய காசில் குந்து மலசலகூடத்தை மாற்றிக் கொமட் போட்டிருக்கிறார்கள்.